எண்பத்தாறு டிக்

1-7-1989, சனி

சேலையூர் கேம்ப் ரோடு வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நாளைக் காலை ஆறரை மணி முதல், திரு. ஏசுபாதம் அவர்களின் ஒரே புதல்வனும், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சுத் தலைவனுமாகிய வில்பிரட் என்னும் நான், இவ்வீட்டின் குலுக்கல் துறை அமைச்சராகப் பதவி ஏற்கிறேன். மாலை மரியாதை வேண்டாம். ஆரஞ்சு மிட்டாய் போதும்.

விஷயம் இதுதான். அம்மா நேற்று அடிபம்பு மேடையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. தனம் அக்காவுக்கு மருந்து கொடுப்பது அம்மாவின் வேலை. அக்காவுக்கு வலிப்பு. பன்னிரண்டு வயதில் வந்தது, இப்போது பத்தொன்பது. மாத்திரை என்றால் அவளுக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும், அதனால் தண்ணீர் மருந்து. ரோஸ் கலரில், பெரிய கண்ணாடி பாட்டில். ஒரு பாட்டில் ஐம்பது நாளைக்கு வரும். அதை நன்றாகக் குலுக்கி, கூட வந்த அளவுக் கப்பில் ஐந்து எம்.எல். ஊற்ற வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சமையல் கரண்டி கூடாது. ஒரு வேளை தவறக் கூடாது. அம்மா இதை ஞாயிறு பள்ளி மனப்பாட வசனம் போல ஒப்பிக்க வைத்தாள்.

"எதுக்குமா குலுக்கணும்?"

"டாக்டர் சொன்னாரு. குலுக்கணும்னா குலுக்கணும்."

நல்ல விளக்கம். லாட்டரி டிக்கெட்டுக்குக் குலுக்கல், எங்கள் வீட்டில் அக்காவுக்குக் குலுக்கல்.

மருந்தை அக்கா கையில் மட்டும் கொடுப்பதில்லை. போன வருஷம், தூக்கமாக வருகிறது, டைப் அடிக்க விரல் ஓடவில்லை என்று இரண்டு வாரம் மருந்தைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். பாத்ரூமில் விழுந்து நெற்றியில் ஐந்து தையல். அன்றிலிருந்து பாட்டில் அலமாரிக்குள், சாவி அம்மா இடுப்பில். பாட்டில் மேல் இருந்த லேபிளையும் அம்மா தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டாள். முன் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்கார மாமி அபிதகுஜாம்பாள் கேட்டால் அது ரத்த விருத்தி டானிக்.

அக்காவுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டு டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. பாஸ் பண்ணினால் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாக இன்ஸ்டிட்யூட் சத்தியநாதன் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை. இன்னும் ஆறு வாரம் வராமல் இருந்தால் போதும். அவள் காலண்டரில் பென்சிலால் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா ஒரு தாளில் கட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். நான் குலுக்கி ஊற்றியதும் சிவப்புப் பேனாவால் டிக் போட வேண்டும். நாளை முதல் புது பாட்டில். தீர்ந்துபோன பழைய பாட்டிலை மட்டும் ஆராய்ச்சிக்காகக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

2-7-89, ஞாயிறு

பதவியேற்பு விழா ரத்தக் களறியாக முடிந்தது. ரத்தம் ரோஸ் கலர்.

சர்ச்சுக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாட்டிலைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினேன். மூடியின் திருகு சரியாகப் பிடிக்கவில்லை போல. நெஞ்சிலிருந்து தொப்புள் வரை மருந்து. அப்பா பளார் என்று ஒன்று விட்டார்.

"இது சட்டைக்கா, மருந்துக்காப்பா?"

"ரெண்டுக்கும்," என்று இன்னொன்று விட்டார்.

அக்கா சிரித்தாள். "பரவால்லடா, உனக்கும் இனிமே வலிப்பு வராது."

டிக் 1.

3-7-89

காலை டிக். இரவு டிக். ஒரு துளி சிந்தவில்லை. மருந்துக்குக்கூடச் சிந்தவில்லை. (இந்த வாக்கியத்தை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.)

8-7-89

ஒரு வாரம் முடிந்தது. வேளைக்கு ஐம்பது குலுக்கு. கலக் கலக் என்று தாளம் தப்பாமல். சமையலறையிலிருந்து அம்மா கேட்பாள், "குலுக்கினியாடா?" "காதுல விழல? கச்சேரியே நடக்குது." ஹாலில் பேப்பர் படிக்கும் அப்பா, "கேக்குது, கேக்குது" என்பார்.

அக்காதான் தொல்லை. "கப்பைக் கையில புடிச்சு ஊத்தாத. மேசைமேல வெச்சு, குனிஞ்சு கண்ணுக்கு நேரா கோடு பாரு. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"சரிங்க டீச்சரம்மா."

"நீ பத்தாவதுல ஃபெயில் ஆனதும் சொல்லு. உன் சார்பா மன்னிப்புக் கடிதம் டைப் அடிச்சுத் தரேன். எனக்கு ஸ்பீட் ப்ராக்டீஸ் ஆகும்."

வாய். மருந்து அவளுக்கா, அவள் வாய்க்கா?

ஊற்றும்போது ஒரு துளி சிந்தவில்லை என்பதை மீண்டும் பதிவு செய்கிறேன்.

14-7-89, வெள்ளி

குலுக்கல் முடிவு: அக்காவுக்கு விழுந்தது. அக்காவே விழுந்தாள்.

காலை ஏழு மணி. இட்லிப் பானையை இறக்கப் போனவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். அம்மா ஒற்றைக் கையோடு கத்துகிறாள். நான் ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன், எப்போதும் செய்வதுதான். கையில் இரும்பு இருந்தால் நிற்குமாம். பூட்டே இல்லாத இடத்தில் சாவி என்ன செய்யும்? அப்பா நாக்கைக் கடித்துவிடுவாள் என்று ஸ்பூன் காம்பைப் பல்லுக்கு நடுவில் விட்டார். டக் என்று ஒரு சத்தம். ஸ்பூன் இல்லை. முன் பல் பாதி.

இரண்டு நிமிஷத்தில் நின்றது. எழுந்து உட்கார்ந்து காலண்டரைத்தான் பார்த்தாள். பென்சிலால் நூற்று அறுபத்தேழு கோடு. அழிப்பான் கேட்டாள்.

காலை டிக் போட்டிருந்தேன். இரவும் போட்டேன்.

15-7-89

விசாரணைக் கமிஷன். தலைவர் அப்பா.

"மருந்து வேளை தவறாம குடுக்கறோம். அப்புறம் எப்படி வரும்? நீ முழுங்கறதில்ல. வாயில வெச்சிருந்து துப்பிடற."

"இல்லப்பா."

"போன வருஷமும் இல்லப்பான்னுதான் சொன்ன."

இன்று முதல் புதுச் சட்டம். குடித்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்க வேண்டும். கன்னத்துக்குள் பார்க்க வேண்டும். சோதனை அதிகாரி யார் என்று சொல்லவும் வேண்டுமா? டார்ச் லைட்டோடு நான்.

"ஆ காட்டு. இன்னும் பெருசா. நாக்கைத் தூக்கு. ஐயோ, பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கு, மீதியை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. நான் டார்ச்சை அணைத்துவிட்டு, "பாஸ்" என்றேன். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

23-7-89, ஞாயிறு

மறுபடி. பாத்ரூமில். பக்கெட் உருண்ட சத்தம் முன் போர்ஷன் வரை போயிற்று. வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்து, "என்ன சரசு, பொண்ணு வழுக்கிண்டாளா?" என்றாள். "ஆமா மாமி, பாசி" என்றாள் அம்மா. பாசியைத் தேய்க்கும் வேலை எனக்கு. இல்லாத பாசியை முக்கால் மணி நேரம் தேய்த்தேன், மாமி பார்க்கும்படி.

அப்பா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அக்காதான் கேட்டாள். "துப்பற மருந்துக்கு டாக்டர் எதுக்கு?" என்றார் அப்பா.

30-7-89

ஒரு வாரமாக வலிப்பு இல்லை. அக்கா நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்தாளாம். சத்தியநாதன் மாஸ்டர் அவள் தாளை எல்லோருக்கும் காட்டினாராம்.

இது யாருடைய வெற்றி? டார்ச் அதிகாரியின் வெற்றி. குலுக்கல் அமைச்சரின் வெற்றி. அம்மாகூடச் சொல்லிவிட்டாள், "வில்பிரட்டு பொறுப்பா செய்றான்" என்று. பொறுப்பு என்ற வார்த்தையும் என் பெயரும் ஒரே வாக்கியத்தில் வந்தது இதுவே முதல் முறை. சரித்திரத்தில் குறிக்கவும்.

4-8-89, வெள்ளி

அக்காவுக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். பேச்சும் ஒரு மாதிரி குழைகிறது. 'சட்டை' என்பது 'ஷத்தை' மாதிரி வருகிறது.

"எத்தனை விரல்?" என்று ஒன்று காட்டினேன்.

"ரெண்டு."

"இப்போ?"

"மூணு... நாலு. சும்மா இருடா, தலை சுத்துது."

இப்படி ஒரு வாய்ப்பை விடுவானா வில்பிரட்? ஒரே ஒரு ஆரஞ்சு மிட்டாயை மேசையில் வைத்து, "ரெண்டு வெச்சிருக்கேன், இடது பக்கம் இருக்கறது உனக்கு" என்றேன். இரண்டு தடவை வெறும் மேசையைத் தடவினாள். மூன்றாவது தடவை நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

டிக், டிக். பாட்டிலில் கால்பங்கு இருக்கிறது. இப்போதெல்லாம் மருந்து கொஞ்சம் கெட்டியாக விழுகிறது. வெயிலுக்குச் சுண்டியிருக்கும்.

6-8-89, ஞாயிறு

சர்ச்சில், இரண்டாவது பாட்டுக்கு எழுந்து நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாந்தி. திரும்பி வரும்போது தூணைப் பிடித்து, அடுத்த தூணைப் பிடித்து வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கார மாமி பின்பக்கம் வந்து அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் உள்ளே ஜன்னலுக்குக் கீழே செருப்புத் துடைத்துக்கொண்டிருந்தேன் (காரணத்தோடுதான்).

"சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதே சரசு. வாந்திங்கறா, தலை சுத்தறதுங்கறா. காலம்பற தடுமாறிண்டு நடக்கறா. இன்ஸ்டிட்யூட்டுன்னு தினம் போயிட்டு வர பொண்ணு. நாள் கணக்கைக் கொஞ்சம் பாரு."

அம்மா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். அக்காவை இடது கையால் அடித்தாள். இடது கை சரியாகப் படவில்லை என்று மாவுக்கட்டோடு வலது கையை ஓங்கினாள். அது அக்கா தோளில் விழுந்தது. வலித்தது அம்மாவுக்கும்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"யாருடி?"

"யாரும் இல்லம்மா. யாரும் இல்ல." அந்த 'இல்ல' குழைந்துதான் வந்தது. குடித்தவன் சொல்வது போல.

நான் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பாலிஷ் போட்ட செருப்பில் என் மூஞ்சி தெரிந்தது. பார்க்கவில்லை.

7-8-89

டிக். டிக்.

9-8-89, புதன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

சாயங்காலம் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப். நான், துரை, இன்னும் எங்கள் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர். அக்கா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். காலை அகட்டி அகட்டி வைத்து, ரோடு கப்பல் மாதிரி ஆடுவது போல.

துரை சொன்னான், "இன்னா மச்சான், உங்கக்கா பட்டப்பகல்லயே போட்டுகினு வருது? எந்தக் கடையில விக்கறான், சொல்லு, நாங்களும் போறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்று, அவனை அடிக்க வேண்டும். துரை என்னைவிட ஒரு அடி உயரம். இல்லையென்றால் சிரிக்க வைக்க வேண்டும். எனக்கு வரும் வேலை அதுதான்.

நடுரோட்டில் இறங்கி நடந்து காட்டினேன். அதே அகட்டல். ஒரு கை காற்றில் இல்லாத தூணைப் பிடிக்க, ஒரு கண்ணைச் சுருக்கி. "ஷத்தியநாதன் மாஷ்டர்... எனக்கு ரெண்டு டைப்ரைட்டர் தெரியுது... எதுல அடிக்க?" டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரிய ஆட்கள்கூடச் சிரித்தார்கள். ஒருத்தர் கை தட்டினார்.

திரும்பினேன். அவள் பத்தடியில் நின்றிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இரண்டாகத் தெரியாமல் இருக்க அப்படித்தான் இப்போது பார்ப்பாள். இரண்டு வில்பிரட் வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"நல்லா நடிச்ச" என்றாள். வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி நான் மருந்து கொடுத்தபோது வாயைத் தானாகத் திறந்து காட்டினாள். நான் டார்ச் அடிக்கவில்லை.

12-8-89, சனி

பரீட்சை.

அவள் எதையும் பிடிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள், மூன்று நாளாக, ஹாலுக்கும் சமையலறைக்கும். அப்பா வரவில்லை. நான் கூடப் போனேன். இன்ஸ்டிட்யூட் மாடிப்படி பதினான்கு. பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். சத்தியநாதன் மாஸ்டர் பின்னாலேயே வந்து அவளுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். என் கண் முன்னால். நல்ல மனுஷன் என்று பெயரெடுத்தவர்.

"வாடை ஒண்ணும் வரல. ஆனா என்னமோ பண்ணிட்டுதான் வந்திருக்க. ஒரு வரிமேல இன்னொரு வரி அடிச்சு வெச்சிருக்க. வந்திருந்த அதிகாரி என்னைத்தான் கேக்கறார், இதுதான் உங்க நாற்பத்தஞ்சு வார்த்தையான்னு. கம்பெனிக்காரன்கிட்ட உன் பேரைச் சொல்லிட்டு அவன் மூஞ்சில எப்படிம்மா முழிக்கறது?"

"சார், எனக்கு உடம்பு—"

"எல்லாருக்கும் உடம்புதாம்மா."

இறங்கும்போது பதினோராவது படியில் தவறினாள். நான் பிடித்தேன். பிடித்த கையை உதறிவிட்டு மீதி மூன்றையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

14-8-89, திங்கள்

தாம்பரம் டாக்டர். காலையில் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. நாலு பேரும் ஆட்டோவில்.

டாக்டர் விரலை அவள் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் கொண்டு போனார். விழி விரலோடு போகாமல் துடித்துத் துடித்துப் போனது. பாட்டிலைக் கொண்டுவந்தீர்களா என்றார். அப்பா கொடுத்தார். டாக்டர் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். அதில் முக்கால்வாசி சேறு. கவிழ்த்தார். சேறு நகரவில்லை.

"யார் ஊத்தறது?"

"நான்தான் சார்," என்றேன். "அம்பது தடவை குலுக்குவேன் சார். ஒரு துளி சிந்தாது."

ஏன் சொன்னேன்? வாய். பழக்கம்.

"இது தண்ணில கரையற மருந்து இல்ல. தூள். தண்ணில மிதக்கும். விட்டா அடியில போய் உக்காந்துக்கும். குலுக்காம ஊத்தினா என்ன ஆகும்? முதல் மூணு வாரம் இந்தப் பொண்ணு வெறும் இனிப்புத் தண்ணி குடிச்சிருக்கு. அதான் வலிப்பு வந்திருக்கு. அப்புறம் போகப் போக மொத்த மருந்தையும் குடிச்சிருக்கு. கப்பு அதே கப்புதான், உள்ள இருக்கறது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. வலிப்பு நின்னுது. தள்ளாட்டம், வாந்தி, ரெண்டு ரெண்டாத் தெரியறது, எல்லாம் அதனால. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்."

அம்மா இன்னும் பிரிக்காத மாவுக்கட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். போன வாரம் அக்காமேல் ஓங்கிய கை.

அப்பா சொன்னார், "இல்ல சார், பையன் வேளா வேளைக்குக் குலுக்கறான். நானே சத்தம் கேட்டிருக்கேன். அலமாரில டிக் இருக்கு, எண்பத்தாறு. இவதான் என்னமோ பண்ணியிருக்கா. போன வருஷமும் கொட்டினவதான். பாதியை ஊத்திட்டுத் தண்ணி கலந்திருப்பா."

"ஏம்மா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"அலமாரி சாவி அம்மாகிட்ட இருக்கு, டாக்டர்," என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, குழையாமல் சொல்லப் பார்த்து.

டாக்டர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார், "ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும், மருந்தை நிறுத்தி வெச்சுப் பாக்கறேன். நீங்களா என்னைக்கும் நிறுத்தக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வலிப்பு வந்தா வாயில ஸ்பூன் விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அது போதும். சாவி கீவி எல்லாம் பூட்டுக்கு. அப்புறம், புது பாட்டில் இந்தப் பொண்ணு கையிலயே இருக்கட்டும். பத்தொன்பது வயசு. அதுவே குலுக்கி, அதுவே அளந்து குடிக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன். உள்ளே நரம்பெல்லாம் நன்றாக வரைந்திருந்தார்கள்.

15-8-89

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். ஆரஞ்சு. தின்னவில்லை, பாக்கெட்டில் இளகிவிட்டது.

21-8-89, திங்கள்

அக்கா நேராக நடக்கிறாள். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டதாம். கம்பெனி வேலைக்கு, அக்காவோடு இன்ஸ்டிட்யூட்டில் படிக்கும் முனிரத்தினம் சாருடைய பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு வார்த்தை.

புது பாட்டில் அவளிடம். காலையில் அடுத்த அறையிலிருந்து சத்தம் கேட்கிறது. வேறு மாதிரி சத்தம். கலக் கலக் இல்லை. கெட்டியாக, கனமாக, குபுக் குபுக் என்று.

அப்பாவுக்கும் அது கேட்கிறது. ஒரு நாள் பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்டார். மறுபடி ஏற்றிக்கொண்டார்.

29-8-89

அடுத்த பரீட்சை பிப்ரவரியில். இன்ஸ்டிட்யூட்டில் மறுபடி சேர வேண்டுமென்றால் டாக்டர் கடிதமும் அப்பா கையெழுத்தும் வேண்டும் என்று சத்தியநாதன் மாஸ்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள். கடிதம் வாங்கிவிட்டாள். அப்பா ஃபாரத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"மருந்துல தண்ணி கலந்தேன்னு ஒத்துக்கோ. உண்மையைச் சொன்ன அடுத்த நிமிஷம் கையெழுத்து போடறேன்."

"கலக்கல."

"அப்போ குலுக்கினவன் பொய் சொல்றானா?"

"நான் கலக்கலப்பா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

ஒரு பொய் சொன்னால் கையெழுத்து. சொல்ல மாட்டேன் என்கிறாள். அசட்டுப் பிடிவாதம். நானாக இருந்தால் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். நானாக இருந்தால்.

2-9-89, சனி

இன்று எதையும் எழுத முடியவில்லை. நாளை ஞாயிறு. நாளை மறுநாள் திங்கள்.

3-9-89, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். அலமாரிக் கதவைத் திறந்தேன். இப்போது அதற்குப் பூட்டு இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ஜூலை 2 இரவிலிருந்து ஆகஸ்ட் 13 இரவு வரை ஒவ்வொரு டிக்கின் மேலும் கோடு போட்டு அடித்தேன். எண்பத்தைந்து. கட்டிலுக்கடியில் இருந்த பழைய பாட்டிலை எடுத்து அலமாரிக்கு முன்னால், தரையில், எல்லார் காலிலும் படும்படி வைத்தேன். அதில் பாதிவரை குழாய்த் தண்ணீர்.

இந்த டைரிக்கும் ஒரு மன்னிப்பு. உன்னிடமும் பொய்தான். ஐம்பது குலுக்கு என்று எழுதினால் குலுக்கின மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். கச்சேரி நடந்தது உண்மை. அம்மாவும் அப்பாவும் கேட்டது இந்தத் தண்ணீர் பாட்டிலை. மருந்து பாட்டில் அந்த நேரத்தில் மேசைமேல் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கச்சேரி முடிந்த பிறகுதான் அக்காவைக் கூப்பிடுவேன். ஒரு துளி சிந்தவில்லை, ஒரு துளி சிந்தவில்லை என்று எத்தனை பக்கம் பீற்றியிருக்கிறேன். குலுக்காத பாட்டில் எங்கே சிந்தும்?

அக்காதான் முதலில் எழுந்து வந்தாள். காலில் பாட்டில் தட்டியது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். கலக் கலக். கதவைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூட வேண்டிய தேவை இப்போது இல்லை, இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அடிக்காமல் விட்ட ஒரு டிக் மேல் விரலை வைத்தாள்.

"இது?"

"அது நிஜம். மொத நாள் காலை. சட்டையைப் பாரு, கறை இருக்கு."

"அதுக்கப்புறம் ஏன் குலுக்கல?"

"மூடி ஒழுகிச்சு. அப்பா அடிச்சாரு."

என் காதிலேயே அது எவ்வளவு சின்னதாக விழுந்தது. அவள் முன்பல் பாதி. அவள் வேலை. அம்மா கை. பஸ் ஸ்டாப். எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு வரிதான் இருக்கிறது என்னிடம்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். வாய் அப்படிப்பட்ட வாய். அவளோ உள்ளே போய்த் தன் பாட்டிலைக் கொண்டுவந்தாள். கரித்துணி ஒன்றை எடுத்து மூடியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் மூஞ்சிக்கு நேரே குலுக்கினாள். குபுக் குபுக். துணியை எடுத்துக் காட்டினாள். நடுவில் சின்னதாக ஒரு ரோஸ் பொட்டு, அவ்வளவுதான். கப்பை மேசைமேல் வைத்து, குனிந்து, கோடு வரை ஊற்றிக் குடித்தாள்.

"ஒரு துணிடா" என்றாள்.

அப்பா எழுந்து வந்து தாளின் முன்னால் நின்றார். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. ஃபாரம் எங்கே என்று கேட்டார், என்னைப் பார்த்து இல்லை. அக்கா பேனா கொடுத்தாள். சிவப்புப் பேனா. வேறு கேட்டார்.

சர்ச்சுக்கு நான் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அம்மா மாற்றச் சொல்லவில்லை. வழி முழுக்க அக்கா அம்மா பக்கத்தில் நடந்தாள். நான் பத்தடி பின்னால்.